வீட்டுச் சொல்லும் பள்ளிச் சொல்லும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் இரயில் பாதையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை எனச் சிறு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாறசாலைக்கு அப்பால் சிறிது நேரத்தில் வண்டி தமிழ்நாட்டுக்குள் புகுந்துவிடுகிறது. 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையில் பிரயாணம் செய்வோருக்கு எல்லை எங்கே இருக்கிறது என்பது புலப்படுவதில்லை. தென்னையும் ரப்பரும் மரச்சீனித் தோட்டமும் இருபுறமும் ஒன்றுபோலவே நிற்கின்றன. செம்மண்ணின் நிறமும் மாறுவதில்லை. எல்லை எங்கே என்பதை நன்கு அறிந்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே. அவர்களுக்கு மட்டும் அந்த இடத்தில் எழுத்து மாறுகிறது, பாடப்புத்தகம் மாறுகிறது, தேர்வு மாறுகிறது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டமும் சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. அது கேரளத்திலேயே நின்றது. கோடு கிழிக்கப்பட்டதே ஒழிய உறவு கிழிபடவில்லை. களியக்காவிளைச் சந்தைக்குப் பாறசாலையார் வருகிறார்கள். மார்த்தாண்டத்துப் பெண் தனுவச்சபுரத்தில் வாழ்க்கைப்படுகிறாள். அவள் பெறும் குழந்தை தாயிடம் ஒரு மொழியிலும் பள்ளியில் மற்றொரு மொழியிலும் வளர்கிறது. தனுவச்சபுரமோ படிக்கும் பிள்ளைகள் கூடும் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளி உண்டு. தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. 1964 முதல் வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியும் உண்டு.

இந்தப் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விழைகின்றேன். எல்லைக் கிராமத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு நேர்வதெல்லாம் இங்கே கண்ணெதிரில், சிறிய இடத்தில், தெளிவாகத் தெரிகிறது.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘விஷமம்’ என்ற சொல் இரு மொழிகளிலும் உண்டு. தமிழ் வீட்டில் ஒரு பையன் விஷமம் செய்தான் என்றால் குறும்பு செய்தான் என்பது பொருள். மலையாளத்திலோ விஷமம் என்பது துயரம். ‘எனக்கு விஷமமாக இருக்கிறது’ என்று மலையாள வழக்கை ஒட்டி ஒரு பிள்ளை சொன்னால், அது தன் மனம் நோகிறது என்று கூறுகிறது. எல்லைப்புறத்துப் பாட்டிக்கு இது உடனே விளங்கும். மதுரையிலிருந்து வேலைமாற்றத்தால் வந்து சேர்ந்த தகப்பனாருக்கு விளங்காது. ‘விஷமம் செய்துவிட்டுச் சொல்லவும் செய்கிறாயா?’ என்று அதட்டவும் கூடும். ‘சங்கடம்’ என்பதும் அப்படியே. நமக்கு அது ஓர் இக்கட்டு. அவர்களுக்கு அது பெரும்பாலும் சோகம். ‘பேடி’ என்பது மலையாளத்தில் அச்சம்; தமிழிலோ அஃது ஓர் ஏச்சு. இவ்வாறு மனத்துயரத்தைக் குறிக்கும் சொற்களே ஒன்றையொன்று ஏமாற்றும் இடத்தில் ஒரு பிள்ளை வளர்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். ஏழாம் வகுப்புவரை நாகர்கோயில் பக்கத்தில் தமிழ் வழியில் படித்தவள். தந்தையின் தொழிலை முன்னிட்டுக் குடும்பம் எல்லை தாண்டி வந்தது. கேரளத்தில் எட்டாம் வகுப்பு என்பது உயர்நிலைப் பள்ளியின் வாயிற்படி; தமிழ்நாட்டில் அது நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு. ஆக, ஒரே நாளில் அவளுக்கு ஊரும் மாறியது, மொழியும் மாறியது, பள்ளிப் படியும் மாறியது. முதல் மாதம் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் அவளை மந்தம் என்று எண்ணலாம். தாய் அவளுக்கு ஏதோ நோய் என்று அஞ்சலாம். இரண்டும் அவசரமான முடிவு. புதிய மொழிக்குள் புகும் குழந்தை சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயற்கை. செவி நிரம்பிய பின்னரே நா அசைகிறது.

ஆறு மாதத்தில் அவள் தோழியரோடு சரளமாக மலையாளம் பேசத் தொடங்குகிறாள். இங்கேதான் இரண்டாவது பிழை நேர்கிறது. ‘மொழி வந்துவிட்டதே, இன்னும் ஏன் விஞ்ஞானத்தில் மதிப்பெண் வரவில்லை?’ என்று வீட்டாரும் பள்ளியாரும் கேட்கிறார்கள். கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் என்பவர் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். விளையாட்டிடத்தில் பேசும் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தின் மொழி கைவருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. எட்டாம் வகுப்பில் வந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் கிடைப்பது மூன்றே ஆண்டுகள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அந்த இடைவெளியில் அவளுக்குக் கிடைக்கும் பெயர் ‘மடிச்சி’ என்பது. மலையாளத்தில் மடி என்றால் சோம்பல். தமிழிலும் அது பழஞ்சொல்லே. திருக்குறளில் மடியின்மை என ஓர் அதிகாரமே உண்டு. இன்றைய தமிழ்ப் பிள்ளைக்கோ மடி என்பது தாய் அமரவைத்துக்கொள்ளும் இடம். தன்னை எதற்காகக் கடிந்துகொள்கிறார்கள் என்பதுகூட விளங்காமல் கடிந்துகொள்ளப்படுவது எத்தகைய தனிமை என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இனி, மொழியால் வரும் மௌனத்தையும் மனநோவால் வரும் மௌனத்தையும் எவ்வாறு பிரித்தறிவது? வைத்தியக் கருவி எதுவும் இல்லாமலே தாய்தந்தையர் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பள்ளியில் ஊமையாக இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தன் மொழியில் ஓயாது பேசுகிறதா, பசித்து உண்கிறதா, தம்பியோடு சண்டையிடுகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் மொழியின் மௌனம். காலம் கொடுத்தால் தீரும். இரண்டு மொழியிலும் பேச்சு நின்றுபோனால், முன்பு விரும்பியதில் விருப்பம் போய்விட்டால், உணவும் உறக்கமும் குலைந்தால், எரிச்சலும் அழுகையும் மிகுந்தால், இந்நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது வேறு. அப்போது உதவி நாடவேண்டும். இச்சோதனை பிழையே செய்யாதது என்று சொல்லமாட்டேன். வீட்டில் நன்றாகப் பேசிக்கொண்டே பள்ளியில் மட்டும் ஆண்டு முழுதும் பேச அஞ்சும் பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் அடி வாங்கிக்கொண்டு வீட்டில் சிரிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆயினும் தொடங்குவதற்கு இது நல்ல இடம்.

திங்கட்கிழமை வயிற்றுவலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி நாள் காலையில் வலிக்கும். விடுமுறை நாளில் வலிக்காது. ‘நடிப்பு’ என்று வீட்டார் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். அது நடிப்பன்று. அச்சம் எழும்போது மூளையின் ஏவலால் உடலில் அட்ரினலின் முதலிய சுரப்புகள் பெருகுகின்றன, இருதயம் விரைகிறது, வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து குடலின் இயல்பான அசைவு குலைகிறது. வலி மெய்யான வலியே. அதன் வேர் மாத்திரம் வயிற்றில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உடலில் குற்றமில்லை என்று உறுதி செய்துகொண்ட பின், ‘பள்ளியில் எந்த நேரம் உனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஏன் போகமாட்டாய்?’ என்ற கேள்விக்குக் கிடைக்காத விடை அதற்குக் கிடைக்கும்.

உறக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூப்புப் பருவத்தில் உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்குகிறது. ஆதலால் பதினான்கு வயதுப் பையன் பத்து மணிக்குப் படுத்தும் விழித்திருப்பது திமிரன்று. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. விடியுமுன் தனிப்பயிற்சி, பிறகு பஸ், பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் தனிப்பயிற்சி என்று நாளை அடைத்துவிட்டுப் பிள்ளை எரிந்து விழுகிறான் என்று குறைகூறுவது நியாயமா?

இவையெல்லாம் சில வீடுகளுக்கு மட்டும் உரிய துன்பம் என்று எண்ணிவிடலாகாது. உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதினரிடையே 7.3 விழுக்காடு என்ற கணக்குக் கிடைத்தது. நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஏறத்தாழ மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று பிள்ளையிடம் நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. அமைதியாகக் கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. முளைத்த எண்ணத்தைச் சொல்ல ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே உண்டாகிறது. ஆம் என்று விடை வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவ உதவியை நாடவேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? மாநிலப் பிரிவினை நடந்த அதே 1956-இல் ஏழாவது திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் 350-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கத் தக்க வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அது தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. பத்து வயதுவரை தாய்மொழிக்குப் பாதுகாப்பு. பதினொன்றாம் வயதில், உடலும் மனமும் ஒருங்கே கலங்கத் தொடங்கும் அந்தப் பருவத்தில், பாதுகாப்பு இல்லை. என் அபிப்பிராயத்தில் இது தலைகீழான ஏற்பாடு. கேரளத்தில் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் உயர்வகுப்புவரை தமிழ் வழிப் பள்ளிகள் உள்ளன. கேரள சட்டமன்றம் 2017-இல் இயற்றிய மலையாள மொழிச் சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயப் பாடமாயிற்று. வாழும் இடத்தின் மொழியைப் பிள்ளை கற்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கற்கும் காலத்தில் அதற்குத் துணை நிற்பவர் யார் என்பதே கேள்வி.

துணைக்கு ஆள் இல்லாமலும் இல்லை. கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் ஏற்பாட்டில் பல அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்கள் பணிபுரிகின்றனர். ஓ.ஆர்.சி. என்று சுருக்கி வழங்கப்படும் திட்டம், வழிதவறும் நிலையிலுள்ள பிள்ளைகளை ஆசிரியர்கள் முன்னதாகவே கண்டு கைகொடுப்பதற்கென ஏற்பட்டது. மேல்நிலை வகுப்புகளில் ‘சௌஹ்ருதா’ என்ற பெயரில் மாணவர் மன்றங்கள் உள்ளன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதை மட்டுமன்றி, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியது.

ஆலோசகர் என்பவர் மருந்து கொடுப்பவர் அல்லர். பிள்ளை சொல்வதைக் கேட்பார், சொன்னதை வெளியிடமாட்டார். உயிருக்கு ஆபத்து என்று கண்டால் உரியவர்களுக்குத் தெரிவிப்பார். பாலியல் துன்பம் நேர்ந்திருந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதிகாரிகளுக்கு அறிவிப்பது அவர் கடமை. இந்த விதிவிலக்குகளை முதலிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவது நேர்மை. தேவை ஏற்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார். பாறசாலையில் வட்ட மருத்துவமனையும் நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும் இருக்கின்றன. ஆலோசகரின் அறை எங்கே இருக்கிறது என்பதும் சிறிய விஷயமன்று. தலைமையாசிரியர் அறையை ஒட்டி, எல்லோரும் பார்க்கும் தாழ்வாரத்தில் அவ்வறை இருந்தால் எந்தப் பிள்ளை கதவைத் தட்டும்?

ஆலோசகருக்குப் பிள்ளையின் வீட்டு மொழி தெரியாவிட்டால் என் செய்வது? வழக்கமாக நடப்பது, பக்கத்துப் பெஞ்சுத் தோழனையோ அக்காளையோ அழைத்து மொழிபெயர்க்கச் சொல்வது. இதைத் தவிர்க்க வேண்டும். தோழன் முன்னால் சொல்லக்கூடியதாக இருந்தால் அவனிடமே சொல்லியிருக்குமே! அக்காளுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியாதா? பெரியவர் ஒருவர், இரகசியம் காப்பவர், இரு மொழியும் அறிந்த ஆசிரியர் வேண்டும். தனுவச்சபுரம், பாறசாலைப் பகுதியின் பாக்கியம் என்னவென்றால் அத்தகையோர் அங்கே அரியரல்லர். எல்லைப்புறத்து ஆசிரியர் பலர் தாமே இரு மொழி வீட்டில் வளர்ந்தவர்கள். ‘உனக்கு எந்த மொழியில் சொல்ல வருகிறதோ அதில் சொல்’ என்று அவர்கள் கூறும்போது பிள்ளை பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலுமாகக் கொட்டிவிடுகிறது. கலப்பு மொழி என்று அந்நேரத்தில் திருத்தப் புகுவது பெருந்தவறு.

தேர்வைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு 2005 முதல் தரவரிசைக் குறியீட்டு முறையில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. தவறியவர் ஓர் ஆண்டை இழக்காமல் மீண்டும் எழுதத் துணைத் தேர்வு இரு மாநிலங்களிலும் உண்டு. இந்த வழி இருக்கிறது என்பதைத் தேர்வு முடிவு வரும் நாளில் அன்று. தேர்வுக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

தொலைவிடங்களில் வாழும் நேயர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். டில்லியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் உள்ளன. மும்பை மாநகராட்சியும் தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துகிறது. இவற்றில் இடம் பெறாத பிள்ளைகளே மிகப் பலர். புதிய ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றும் மாற்றுச் சான்றும் கொடுக்கிறோம். அதனோடு வகுப்பாசிரியரிடம் அரைத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்: பிள்ளை வீட்டில் எந்த மொழி பேசுகிறது; எந்த வகுப்புவரை எந்த மொழியில் படித்தது; அஞ்சினால் என்ன செய்யும், அழுமா அல்லது அடங்கிவிடுமா; துயரத்துக்கும் அச்சத்துக்கும் வீட்டில் அது வழங்கும் சொற்கள் எவை. ஆசிரியருக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை. ‘பயமா இருக்கு’ என்ற ஒலி காதில் விழுந்தால் அதன் பொருள் இன்னது என்று தெரிந்தால் போதும். அவ்வாறே, பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் புதிய சொற்களின் பொருளை நாமும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ‘விஷமம்’ என்றதும் கோலைத் தேடலாகாது.

அருகில் தமிழறிந்த ஆலோசகர் இல்லாதவர்களுக்குத் தொலைபேசி உண்டு. மத்திய அரசின் டெலி-மானஸ் என்னும் மனநல உதவித் தொடர்பு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்டது. எண் 14416, கட்டணமில்லை, இரவும் பகலும் இயங்குகிறது. அழைத்தவுடன் எந்த மொழி என்று கேட்கப்படும். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. கேரளத்தில் இருப்போர் ‘திஷா’ என்னும் 1056 எண்ணையும் அழைக்கலாம். ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கு 1098. இவ்வெண்களைப் பெரியவர் மட்டுமன்றிப் பிள்ளைகளும் அழைக்கலாமாதலால், சுவரில் அவர்கள் கண்மட்டத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.